அந்தப் பலகையை எழுதியவள் நான்

விழாவுக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் தோல் மருத்துவப் பிரிவின் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மூத்த மருத்துவப் பெருமக்களே, மையிலே கை நனைத்து, வண்ணத்திலே வாழ்வு நனைத்து, வழி தெரியாதவருக்கெல்லாம் வழி எழுதித் தந்த எங்கள் பலகை எழுதுவோர் சங்கத்து முன்னோடிகளே, வீட்டையும் வேலையையும் ஒருசேரச் சுமந்துகொண்டு, அதற்கு நடுவிலும் என் பேச்சுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கி வந்திருக்கும் தாய்மார்களே, ஆறு ஊர்களின் ஆறு மருத்துவமனைகளிலிருந்து குறிப்பேடும் கையுமாக வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பொறுப்பாளர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவருக்குத் தோள் கொடுத்து நிற்கும் என் தொழில் தோழர்களே, உங்கள் அத்தனை பேருக்கும் இந்தப் பலகைக்காரியின் பணிவான வணக்கம்.

யாரையேனும் விட்டிருந்தால் பொறுத்தருளுங்கள். விட்டது நாக்கு, நெஞ்சு விடவில்லை. யார் பெயரை முதலில் சொல்வது, யார் பெயரைப் பெரிதாகப் போடுவது என்பது எங்கள் தொழிலில் தலை போகிற காரியம். தலை போகிற காரியம் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. ஓர் உயிர் போகப் பார்த்த கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

காட்சி அமைப்பின் சொற்களைப் பற்றிப் பேசு, வடிவமைப்புச் சிந்தனையைப் பற்றிப் பேசு என்று எனக்குப் பணித்திருக்கிறார்கள். பேசுகிறேன். அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை தருகிறேன். என் முதுகுக்குப் பின்னால் தொங்கும் இந்த பேனரைப் பாருங்கள். பதினான்கு பேரின் படங்கள். பதினான்கும் ஒரே அளவு, பதினான்கும் ஒரே சிரிப்பு. இந்த விழா எதற்காக நடக்கிறது என்று அதில் எழுதியிருக்கிறது. எங்கே என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

தேடுகிறீர்கள். மூன்றாவது வரிசை அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். வேண்டாம், உட்காருங்கள். இடது பக்கம், கீழ்மூலையில், மைக் ஒயர் தொங்குகிற இடத்தில் இருக்கிறது. இதை அடித்தது யார் என்று கேட்காதீர்கள். அவரும் நம் சங்கத்துக்காரர்தான், அதோ தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஏனென்றால் இதைவிடப் பெரிய பிழையை, இதைவிட அழகாகச் செய்தவள் நான்.

எட்டு ஆண்டுகளுக்கு முன்னால், இதே மருத்துவமனையின் முகப்புப் பலகையை எழுதும் வேலை என் பட்டறைக்கு வந்தது. முப்பத்திரண்டு பிரிவுகள். நான் முதலில் வரைந்து கொண்டுவந்ததில் சில பெயர்கள் பெரிதாகவும் சில பெயர்கள் சிறிதாகவும் இருந்தன. அவ்வளவுதான், மருத்துவர்கள் கூட்டத்தில் இடி விழுந்தது. "எங்க பிரிவு என்ன மாற்றாந்தாய் பிள்ளையா?" என்றார் ஒருவர். "அவங்களுக்கு அஞ்சு அங்குலம், எங்களுக்கு மூணா?" என்றார் இன்னொருவர். அதில் ஒரு மருத்துவர் சட்டைப் பையிலிருந்து அடிக்கோலை எடுத்து என் வரைபடத்தின் மேலேயே வைத்து அளந்தார். அவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் இன்றைக்குத் தலைமை தாங்குகிறார் என்பதையும் சொல்ல மாட்டேன்.

அவரே சிரிக்கிறார். பெரிய மனிதர், பெரிய மனது.

அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சண்டை எதற்கு, சங்கடம் எதற்கு, சமமாகப் போட்டுவிடுவோம் என்று தோன்றியது. முப்பத்திரண்டு பெயர்களுக்கும் நான்கே அங்குலம். இடப்பக்கம் பதினாறு, வலப்பக்கம் பதினாறு. சுற்றிலும் பொன்னிறக் கரை. எந்தப் பிரிவு முதலில் தொடங்கப்பட்டதோ அது முதலில். அப்படிப் பார்த்தால் அவசர சிகிச்சைப் பிரிவுதான் கடைசியாகத் தொடங்கப்பட்டது. ஆகவே அது முப்பத்திரண்டாவது இடத்துக்குப் போனது, வலப்பக்கம், கீழ்க்கோடியில். பலகையைத் திறந்து வைத்த நாளில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்தது. பிறகு யாரோ ஒரு நல்லவர், வாசல் அழகாக இருக்கட்டும் என்று ஒரு பூச்சட்டியைக் கொண்டுவந்து வைத்தார். எங்கே வைத்தார்? சரியாகச் சொன்னீர்கள் அம்மா. அந்த முப்பத்திரண்டாவது பெயருக்கு முன்னால்தான்.

சமநிலை என்று எங்கள் தொழிலில் ஒரு சொல் உண்டு. தராசின் இரு தட்டுப் போல, படத்தின் இரு பக்கமும் ஒத்த கனத்தோடு நிற்பது. நான் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டேன். எல்லாவற்றையும் ஒரே அளவாக்கினால் சமநிலை வந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு பெரிய பொருளுக்கு எதிரே நான்கு சிறிய பொருள்களை வைத்தாலும் தராசு நேராகத்தான் நிற்கும். மளிகைக் கடைக்காரர் அறிந்த அந்த உண்மையைப் பலகைக்காரியான நான் மறந்தேன்.

போன ஆண்டு ஒருநாள், காலை பதினொரு மணி இருக்கும். என் அண்ணன் பேருந்து ஓட்டுநர். அன்றைக்கு அவருக்கு விடுமுறை. குளித்துவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணி ஒரு வாடகைக் காரில் அவரை ஏற்றிக்கொண்டு இங்கே வந்தார். அண்ணி நூலகத்தில் வேலை பார்ப்பவர். பல்லாயிரம் புத்தகங்களுக்கு நடுவிலிருந்து நீங்கள் கேட்கிற ஒரு புத்தகத்தை அரை நிமிடத்தில் உருவி எடுத்துத் தருவார். அப்படிப்பட்டவர் என் பலகைக்கு முன்னால் நின்றார். மேலிருந்து கீழே படித்தார். கிடைக்கவில்லை. மறுபடி படித்தார். கிடைக்கவில்லை. கண்ணெல்லாம் எழுத்து, கருத்தில் ஒன்றுமில்லை. இடப்பக்கமாக ஓடினார், அது பதிவேட்டு அறை. திரும்பி ஓடி வந்தார். அண்ணன் காரில் சாய்ந்து கிடந்தார்.

அந்த நேரத்தில் காலி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். இந்த மருத்துவமனையில் எல்லோரும் அவரைச் சக்கரம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எதையும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், அண்ணனைத் தூக்கிப் படுக்க வைத்தார், ஓடினார். வாசல் காவலரின் பதிவேட்டில் கார் நுழைந்த நேரம் இருக்கிறது. அவசரப் பிரிவின் பதிவேட்டில் அண்ணனைச் சேர்த்த நேரம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒன்பது நிமிடம். அந்தக் கதவு வாசலிலிருந்து அறுபதே அடி தூரத்தில் இருக்கிறது.

செய்தி கேட்டு நான் ஓடி வந்தபோது அண்ணி நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். உள்ளே வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. "எந்தப் புண்ணியவான் அந்தப் பலகையை எழுதினான்னு தெரியல. பாக்க அழகாத்தான் இருந்துச்சு. ஆனா ஒண்ணுமே தெரியல" என்றார். இருபத்திரண்டு ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருக்கிறேன். எத்தனையோ விமர்சனம் கேட்டிருக்கிறேன். என்னைத் தலையிலிருந்து கால்வரை எரித்த விமர்சனம் அது ஒன்றுதான். அது என் பலகை என்பது அண்ணிக்கு நினைவில் இல்லை. எனக்கோ வேறு எதுவுமே நினைவில் இல்லை.

கவலைப்படாதீர்கள் தாய்மார்களே, கண்ணைத் துடையுங்கள். அண்ணன் பிழைத்தார். அதோ, பேனரில் எழுத்தைத் தேடி எழுந்து நின்றாரே, அவர்தான். திரும்பிப் பார்த்து அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

அவர் கண் திறந்த மறுநாள் நான் அண்ணியிடம் உண்மையைச் சொன்னேன். அந்தப் பலகையை எழுதியது நான்தான் அண்ணி என்று சொல்லி அழுதேன். அண்ணி அண்ணனின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "நீ அழுது எனக்கு என்ன ஆகப்போகுது? நாளைக்கு இன்னொருத்தி வந்து அங்க நிப்பா. அதுக்குள்ள மாத்து" என்றார். என்னை அவர் மன்னித்தாரா இல்லையா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. எனக்கு அவர் வேலை கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

வடிவமைப்புச் சிந்தனை என்றால் என்ன என்று பெரிய பெரிய விளக்கங்கள் சொல்வார்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முதல் படி, அடுத்தவர் நிலையில் நின்று உணர்வது. அதற்குப் பரிவு என்று பெயர். பென்சிலைத் தொடாதே, கண்ணைத் திற. மூன்று நாள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். யார் வருகிறார்கள், எப்படி வருகிறார்கள், எதைத் தேடுகிறார்கள் என்று எழுதினேன். நூறு பேர் வந்தால் அதில் எண்பது பேர் கேட்பது ஐந்தே ஐந்து இடங்களைத்தான். அதையும் என் பலகையிடம் யாரும் கேட்கவில்லை. தரை துடைக்கிற அக்காவிடம் கேட்டார்கள். அந்த அக்கா என்னிடம் வந்து, "ஏம்மா, நீயும் வழி தெரியாமதான் மூணு நாளா உக்காந்திருக்கியா?" என்றார்.

சிரியுங்கள், எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அந்த அக்காவைக் கவனித்தேன். யாராவது வழி கேட்டால் துடைக்கிற கம்பை நீட்டி ஒரு திசையைக் காட்டுவார். ஒரு நேரத்தில் ஒரு திசை. வந்தவர் கண்ணைப் பார்த்து, அவருக்கு வேண்டியதை மட்டும். முப்பத்திரண்டு பெயரை ஒப்பிக்க மாட்டார். பொன்னிறக் கரை போட்ட என் பலகையை, ஈரம் சொட்டுகிற ஒரு கம்பு தோற்கடித்தது என்பதை இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது படி, சிக்கல் எது என்று வரையறுப்பது. கேள்வி தப்பானால் விடை எப்படிச் சரியாகும்? எட்டு ஆண்டுகளுக்கு முன்னால் நான் என்னைக் கேட்ட கேள்வி, முப்பத்திரண்டு மருத்துவர்களும் மனம் கோணாமல் ஒரு பலகை எழுதுவது எப்படி என்பது. யாருக்காக எழுதினேன்? பார்த்துக் கைதட்டுகிறவர்களுக்காக எழுதினேன். பதறி ஓடி வருகிறவர்களுக்காக எழுதவில்லை. இந்த முறை கேள்வியை மாற்றினேன். மூச்சு வாங்க ஓடி வருகிற ஒருத்தி, யாரையும் கேட்காமல், எங்கும் நிற்காமல், அந்தக் கதவைச் சேர்வது எப்படி?

கேள்வி மாறியதும் பட்டறையே மாறியது. எண்ணங்களைக் கொட்டுங்கள், நல்லது கெட்டது பிறகு பார்ப்போம் என்றேன். கொட்டினார்கள். மணி அடிக்கலாம் என்றார் ஒருவர். பெரிய கை ஒன்றைச் செய்து மாட்டலாம் என்றார் இன்னொருவர். பூச்சட்டியை முதலில் தூக்கி எறியலாம் என்றார் ஒருவர். அதை அன்றைக்கே செய்தோம். எல்லாவற்றிலும் நல்ல யோசனையை அண்ணிதான் சொன்னார். "ஓடி வர்றவ மேலயா பாப்பா? கால் தடுக்கிடுமோன்னு தரையத்தான் பாப்பா. அங்க ஏதாவது போடு." வாசலிலிருந்து கதவுவரை தரையில் ஓடுகிறதே ஒரு சிவப்புக் கோடு, இன்று வரும்போது நீங்கள் எல்லோரும் மிதித்து வந்த கோடு, அது என் அண்ணியின் கோடு.

பழுப்புக் காகிதத்தில் ஒரு மாதிரி செய்தோம். நடுவில் சிவப்பு. சிவப்பின் மேல் வெள்ளை எழுத்தில் அவசர சிகிச்சை. ஓர் அம்பு. அதற்குக் கீழே, கொஞ்சம் தள்ளி, மற்ற நான்கு இடங்கள். மீதிப் பெயர்கள் உள்ளே, லிப்ட்டுக்குப் பக்கத்தில். அதை எடுத்துக்கொண்டு மருத்துவர்களின் கூட்டத்துக்குப் போனேன். பழைய இடி மறுபடி விழுந்தது. "இவ்வளவு இடத்தைச் சும்மா விட்டிருக்கீங்களே, அங்க எங்க பேரைப் போடலாமே" என்றார் அடிக்கோல் வைத்திருந்த மருத்துவர்.

"அது சும்மா இல்ல டாக்டர். அதுதான் வேலை செய்யுது" என்றேன்.

அவையோரே, வெற்றிடம் என்பது வெறுமையா? பேருந்துக்கு நடுவே நடக்க வழி விட்டிருக்கிறார்களே, அங்கேயும் இருக்கை போட்டால் கூடுதலாகப் பத்துப் பேர் உட்காரலாமே என்று என் அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள். "உக்காரலாம். எவன் இறங்குவான்?" என்பார். கண்ணுக்கும் இறங்க வழி வேண்டாமா? ஒரு சொல்லைச் சுற்றி இடம் விட்டால்தான் அந்தச் சொல் தலை நிமிர்ந்து நிற்கும். சிவப்புக்குப் பக்கத்தில் வெள்ளையை வைத்தால்தான் இரண்டும் தம்மைத் தாமே காட்டிக்கொள்ளும். அதை முரண் என்கிறோம். கண் முதலில் போய் விழுகிற இடத்தைக் குவிமையம் என்கிறோம். முதலில் எது, பிறகு எது, கடைசியில் எது என்று கண்ணைக் கைபிடித்து அழைத்துப் போவதைப் படிநிலை என்கிறோம். உறவானதை அருகில் வை, உறவில்லாததைத் தள்ளி வை; அது அண்மை. கோடு தப்பாமல் நிறுத்து, அது நேர்வரிசை. வாசலில் இருக்கும் அதே சிவப்பு, தரையில் வர வேண்டும், திருப்பத்தில் வர வேண்டும், கதவில் வர வேண்டும். அப்போதுதான் சரியான வழியில்தான் போகிறோம் என்று நெஞ்சுக்குத் தைரியம் வரும். அதற்குப் பெயர் மறுவரவு. இத்தனை சொற்களும் எனக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். தெரிந்து என்ன செய்ய? அண்ணியை நிற்க வைத்த பிறகல்லவா எனக்கு அவை விளங்கின.

மருத்துவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வாதத்தால் வெல்ல முடியாது என்று தெரிந்தது. சோதித்துப் பார்ப்போம் என்றேன். இந்த இடத்தை அறிந்தவர்கள் சோதித்தால் அது சோதனையே இல்லை; இங்கே ஒருமுறைகூட வராத உறவினர்களை அழைத்து வாருங்கள் என்றேன். நம் தலைவர் தன் மனைவியை அழைத்து வந்தார். வங்கியில் வேலை பார்க்கும் அந்த அம்மையார் கணவரின் மருத்துவமனைக்குள் அதுவரை கால் வைத்ததில்லை. ஒரு சக்கர நாற்காலியில் நம் சக்கரத்தை உட்கார வைத்தோம். வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னோம். "பதினெட்டு வருஷம் தள்ளினேன். இன்னைக்குத்தான் உக்கார்றேன். நான் ஏன் பேசப் போறேன்?" என்றார். மருத்துவர்கள் மாடிப்படியில் நின்று பார்க்க வேண்டும். அவர்களும் பேசக் கூடாது. அவசர சிகிச்சைக்குப் போங்கள் என்று எழுதிய சீட்டை அம்மையாரிடம் கொடுத்தோம்.

பழைய பலகைக்கு முன்னால் அந்த அம்மையார் நின்றார். தலைவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம். அம்மையார் வலப்பக்கம் திரும்பினார், திரும்பி வந்தார். இரண்டு நிமிடம். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மருந்தகத்துக்குள் போனார், வெளியே வந்தார். மூன்று நிமிடம். தலைவரின் கை படிக்கட்டுக் கம்பியை இறுக்கியது. கதவு எது என்று அவருக்குத் தெரியும். அது அவர் மனைவியின் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. கூப்பிட முடியாது. நான்கு நிமிடம் கழித்து அம்மையார் துணி வெளுக்கிற அறையின் கதவைத் தள்ளினார். உள்ளே இருந்தவர்கள், "இங்க போர்வைதான் இருக்கு. எத்தனை வேணும்?" என்றார்கள்.

இப்போது சிரிக்கிறீர்கள். அன்றைக்குப் படிக்கட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. நாற்காலியில் இருந்தவர் சக்கரமாக இல்லாமல் தன் அம்மாவாக இருந்தால் என்று ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள்.

பிறகு பழுப்புக் காகிதப் பலகையை மாட்டினோம். தரையில் சிவப்பு நாடாவை ஒட்டினோம். வேறொரு மருத்துவரின் மாமனார் வந்தார். மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டேன் என்றார். நல்லதாகப் போயிற்று என்றேன். நாற்காலியைப் பிடித்தார், நிமிர்ந்து ஒரு பார்வை, குனிந்து ஒரு பார்வை, கிளம்பினார். முப்பத்தெட்டு வினாடி. கதவைத் திறந்து உள்ளே போய், "அடுத்து என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

நம் தலைவர் படிகளில் இறங்கி வந்தார். காகிதப் பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். அந்த ஐந்து பெயர்களில் தோல் மருத்துவமும் ஒன்று. "எங்க பேரை எடுத்துடுங்க" என்றார். "தோலுக்கு வர்றவங்க அரை மணி நேரம் தேடினாலும் ஒண்ணும் ஆகாது. அந்த இடத்தையும் அவசரத்துக்கே விட்டுடுங்க." அந்தப் பெருந்தன்மைக்கு முன்னால் மற்றவர்கள் என்ன சொல்ல முடியும்? அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்கள். ஐயா, பதவியால் உயர்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தன் பெயரைத் தானே அழித்து உயர்ந்தவரை அன்றுதான் பார்த்தேன். இந்தக் கைதட்டல் உங்களுக்கு உரியது.

பலகை ஏறிப் பத்து மாதம் ஆகிறது. ஒன்பது நிமிடம் எங்கே, முக்கால் நிமிடம் எங்கே என்று பதிவேடுகள் பேசுகின்றன. ஆறு மருத்துவமனைகளின் பொறுப்பாளர்களே, நீங்கள் பலகையை அளந்து குறித்துக்கொண்டீர்கள், பார்த்தேன். அளவைக் கொண்டுபோகாதீர்கள். உங்கள் வாசல் வேறு, உங்கள் வளைவு வேறு, உங்கள் வெளிச்சம் வேறு. மூன்று நாள் உட்கார்ந்து பார்க்கிற பொறுமையைக் கொண்டுபோங்கள். யாருக்காக எழுதுகிறோம் என்ற கேள்வியைக் கொண்டுபோங்கள். பெரியவர்களின் பெயர்களுக்காக எழுதினால் அது பாராட்டுப் பத்திரம். பதறி வருகிறவருக்காக எழுதினால்தான் அது பலகை. அழகு வேண்டாம் என்றா சொல்கிறேன்? தேடாமல் கிடைப்பதைவிட ஓர் அழகு உண்டா?

போன வாரம் வேறு வேலையாக இந்த வாசலுக்கு வந்தேன். பெண்ணொருத்தி தன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். குழந்தைக்கு வலிப்பு வெட்டி வெட்டி இழுத்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் நிற்கவில்லை. ஒரு கணம் நிமிர்ந்தாள், திரும்பினாள், ஓடினாள், கதவு திறந்தது, மூடியது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். குழந்தை அவள் தோளில் வீறிட்டு அழுதுகொண்டிருந்தது, கேட்கக் கேட்க அவ்வளவு இனிமையாக இருந்தது. பக்கத்தில் போய், "எப்படிம்மா வழி கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "கண்டுபிடிக்க என்ன இருக்கு? நேரா வந்தேன்" என்றாள்.

அவள் பலகையைப் பாராட்டவில்லை. பலகை ஒன்று இருந்ததே அவளுக்கு நினைவில்லை. தோழர்களே, தாய்மார்களே, பொன்னிறக் கரைக்கு ஊரே கைதட்டியபோது நான் தோற்றேன். பார்த்தவளின் நினைவிலேயே நில்லாத ஒரு பலகையால் வென்றேன். நீங்கள் எழுதுகிற பலகையும், நீங்கள் வரைகிற படமும், நீங்கள் அமைக்கிற வாசலும் இப்படியே வெல்லட்டும். யாரும் உங்களைக் கவனிக்க வேண்டாம். எல்லோரும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரட்டும்.

பேச இடம் தந்த சங்கத்துக்கும், பெயரையே இடமாகத் தந்த தலைவருக்கும், பிழையைச் சொன்னபோது பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், வேலை கொடுத்த என் அண்ணிக்கும் நெஞ்சார்ந்த நன்றி சொல்லி, கை குவித்து விடைபெறுகிறேன். வணக்கம்.